கிரீம்ஸ்பேட்டையில் ஏழு மணி ஆராதனை

ஜனவரி மூன்றாம் வாரம் ஒரு புதன்கிழமை சுசீலா போன் செய்தாள். நானும் அவளும் சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவர்கள். எனக்குத் தபால் ஆபீஸில் வேலை கிடைத்துப் பெரம்பூருக்கு வந்துவிட்டேன். அவள் கலெக்டர் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து அங்கேயே ரிட்டையர் ஆனாள். வருஷத்துக்கு இரண்டு முறை பேசுவோம், கிறிஸ்துமஸுக்கும் யாராவது செத்தால் அன்றைக்கும். ஜனவரியில் அவள் பெயரைப் பார்த்ததும் யார் போனார்களோ என்றுதான் போனை எடுத்தேன்.

"யாரும் சாவலடி. நம்ப ஏழு மணி ஆராதனைதான் சாவுற மாரி கீது" என்றாள்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எங்கள் மிஷன் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆராதனை. காலை ஏழு மணிக்குத் தமிழ், ஒன்பதரைக்குத் தெலுங்கு. தெலுங்குக்கு இடம் போதாமல் வெளியே ஷாமியானா போடுகிறார்கள். தமிழுக்கு முப்பது முப்பத்தைந்து பேர் வந்தால் அதிகம். புதிதாக வந்திருக்கும் பாஸ்டரும் முன்னவரைப் போலத் தெலுங்குக்காரர், தமிழ் புரியும், படிக்க வராது. அதனால் வேதபாடத்தைச் சபையில் ஒருவர் படிக்க வேண்டும். ஆறேழு வருஷமாகப் படித்துவந்தது சுசீலா. இப்போது அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. போன வாரம் நடுவில் இரண்டு வரியை விட்டுவிட்டு, எங்கே விட்டோம் என்று தெரியாமல் நின்றுவிட்டாளாம். படிக்க ஆள் இல்லையென்றால் பிப்ரவரியிலிருந்து இரண்டு ஆராதனையையும் ஒன்றாக்கிவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு. வருகிற ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்துவிட்டு முடிவாம்.

"எழுத்து பெரிசா இருந்தா படிப்பியா?" என்றேன்.

"தெரியலடி" என்றாள். அந்த வார்த்தையை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முப்பத்தாறு வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தவளுக்கு எந்தப் பிரச்சினைக்கும் ஒரு ஃபாரம் இருக்கும், நிரப்பினால் தீர்ந்துவிடும் என்ற நினைப்பு. மறுநாளே ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுகளையும் பாடத்தையும் கட்டை விரல் நகம் அளவு எழுத்தில் அடித்து, ஆளுக்கு ஒன்று என்று நாற்பது செட் எடுத்தேன். மை பின்பக்கம் தெரியக்கூடாது, ஒரு பக்கம் மட்டும்தான் அடிக்க வேண்டும் என்று ஜெராக்ஸ் கடைக்காரரை அதிகாரம் செய்தேன். சுசீலா படிப்பாள், சபையே கூடப் பாடும், கமிட்டி வாயை மூடும் என்பது என் திட்டம்.

சென்னையிலிருந்து சித்தூருக்கு நேர் வழி காட்பாடி. ரயிலில் காட்பாடி இறங்கி, அங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். நான் திருப்பதி வழியாகச் சுற்றிப் போனதற்குக் காரணம், வெள்ளிக்கிழமை சுசீலாவுக்குத் திருப்பதியில் கண் பரிசோதனை. சென்ட்ரலில் காலை 6.25 ரயில். எனக்கு எதிரே மொட்டை போடப் போகும் ஒரு குடும்பம், ரேணிகுண்டா வரை புளியோதரை தின்றுகொண்டே வந்தது. எனக்கும் ஒரு கைப்பிடி கிடைத்தது. பத்து மணிக்குத் திருப்பதி. ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டு முக்கால் கிலோமீட்டர்தான், நடந்துவிடலாம். ஆட்டோக்காரர்கள் நூறு ரூபாய் கேட்பார்கள், திருமலைக்குப் போகாத ஆளைப் பார்த்தால் அவர்களுக்கே கொஞ்சம் வருத்தம்.

சுசீலா கறுப்புக் கண்ணாடியோடு பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். நான் எதிரில் போய் நின்றும் அடையாளம் தெரியவில்லை. "யாரு?" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து, "கிரேசுடி" என்றேன். பையில் இருந்த காகிதக் கட்டைப் பற்றி அப்போது பேசவில்லை.

"இன்னா சொன்னாங்க?"

"மார்ச்சுல ஆபரேஷன். அது வரைக்கும் உப்பு எது சர்க்கரை எதுன்னு நாக்குலதான் பாத்துக்கணும்."

திருப்பதியிலிருந்து சித்தூர் எழுபது கிலோமீட்டர், எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஆந்திர முகவரி போட்ட ஆதார் இருந்தால் பெண்களுக்கு இந்த பஸ் இலவசம். சுசீலா ஆதாரைக் காட்டிப் பூஜ்ஜியம் ரூபாய் டிக்கெட் வாங்கினாள். என்னுடையது பெரம்பூர் ஆதார். நூற்றிருபது ரூபாய். கண்டக்டர் அம்மா தெலுங்கில், "இதே ஊர்ப் பேச்சு பேசுறீங்க, ஆதார் மட்டும் வேற ஊரா?" என்று கேட்டார். பிறந்த ஊருக்குப் போக டிக்கெட் எடுப்பது எல்லோரும் செய்வதுதான். பக்கத்து சீட்டுக்காரி சும்மா வரும்போது மட்டும் அது உறைக்கிறது.

சந்திரகிரிக் கோட்டை தாண்டியதும் இடதும் வலதும் மாந்தோப்பு. ஜனவரிக் கடைசியில் பூ பிடித்திருக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். காணிப்பாக்கம் வளைவில் பாதி பஸ் இறங்கிவிடும். அதற்குப் பிறகு உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் சித்தூர்க்காரர்கள், பேச்சைக் கேட்டாலே தெரியும். தெலுங்கில் ஆரம்பித்த வாக்கியம் தமிழில் முடியும், நடுவில் வரும் எண்ணெல்லாம் இங்கிலீஷ்.

சித்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிரீம்ஸ்பேட்டை ஒன்றரை கிலோமீட்டர். ஆட்டோவுக்கு எண்பது கேட்டார், அறுபதுக்கு வந்தார். "பேட்டைல எங்க மா? மசூதி பக்கமா, கோயில் பக்கமா, சர்ச்சு பக்கமா?" என்றார். கிரீம்ஸ்பேட்டைக்கு இதைவிட நல்ல முகவரி கிடையாது.

பெயர் யாரோ ஒரு வெள்ளைக்கார அதிகாரியுடையது என்பார்கள். அவர் யார், என்ன செய்தார் என்று நாலு பேரைக் கேட்டால் நாலு கதை வரும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு காலத்தில் வட ஆற்காடு ஜில்லாவுக்கே சித்தூர்தான் தலைநகரம். கோர்ட்டு, கச்சேரி, ஜெயில், மிஷன் ஆஸ்பத்திரி எல்லாம் இங்கே. குமாஸ்தா வேலைக்கும் நர்சு வேலைக்கும் வாத்தியார் வேலைக்கும் வந்த தமிழ்க் குடும்பங்கள் ஊரின் மடியில் இருந்த இந்தப் பேட்டையில் குடியேறின. பின்னால் மாநிலம் பிரித்தார்கள், சித்தூர் ஆந்திராவுக்குப் போனது. எங்கள் வீடு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த என் நைனா, "நாம எங்கியும் போவல, கோடுதான் நவுந்துச்சு" என்பார்.

சாமான்களைச் சுசீலா வீட்டில் போட்டுவிட்டு ஒரு சுற்று வந்தேன். நீங்களும் சாயங்காலம் நாலரைக்கு மேல் நடந்து பாருங்கள், முக்கால் மணி நேரம் போதும். ஓட்டு வீடுகளில் மூன்றில் இரண்டு போய் மாடி வீடாகிவிட்டன. ஆனால் சந்துகள் அதே அகலம்தான், இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒருவர் யார் வீட்டுப் படியிலாவது ஏறி நிற்க வேண்டும். அப்படி நிற்கும்போது அந்த வீட்டுக்காரரை நலம் விசாரிக்காமல் இறங்குவது மரியாதை இல்லை. கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களை இன்னும் இறக்கவில்லை. பேட்டை வழக்கம் அது, முதலில் இறக்கும் வீட்டுக்குக் கஞ்சப் பட்டம். எங்கள் காலத்தில் பாய் வீட்டு ரம்ஜான் கஞ்சி, செட்டியார் வீட்டுச் சுண்டல், எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் கல்கல் எல்லாம் ஒரே தூக்கு வாளியில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். யார் வாளி யாருடையது என்று கடைசியில் யாருக்கும் தெரியாது.

எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். எட்டு கார் நிற்கும் போலிருக்கிறது. நாங்கள் ஏழு பேர் இருந்தோம், இட நெருக்கடி என்று தினமும் சண்டை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். வாட்ச்மேன் வந்து வண்டி எது என்று கேட்டதும் கிளம்பிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோயிலில் பாட்டு பிராக்டீஸ். பதினெட்டு பேர் வந்திருந்தார்கள். நான் கட்டை அவிழ்த்து, கல்யாணப் பத்திரிகை கொடுப்பது போல ஆளுக்கொரு செட் கொடுத்துக்கொண்டே போனேன். "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். எல்லோருக்கும் மரியாதை தெரிந்திருந்தது, அதுதான் வினை. ஹார்மோனியம் ஆரம்பித்ததும் பதினெட்டில் பதினாலு பேர் என் காகிதத்தை மடியில் வைத்துவிட்டு, பையிலிருந்து ஆளுக்கொரு நோட்டை எடுத்தார்கள்.

எட்டிப் பார்த்தேன். எல்லாம் தெலுங்கு எழுத்து. பாடியதோ தமிழ்ப் பாட்டு, நான் சின்ன வயதில் பாடிய அதே கீர்த்தனை, அதே ராகம்.

எனக்குப் புரியச் சில நிமிஷம் பிடித்தது. வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், சண்டை தமிழில், ஜெபம் தமிழில். ஆனால் ஐம்பது வயதுக்குக் கீழே இருக்கிற ஒருவருக்கும் தமிழ் படிக்க வராது. நாங்கள் படித்த தமிழ் மீடியம் எப்போதோ போய்விட்டது. தெலுங்கு மீடியத்தில் படித்தவர்கள், பாட்டைக் காதால் கேட்டுத் தெலுங்கில் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பேட்டையில் தமிழ்ப் பாட்டு நோட்டு என்றால் அதுதான். நாற்பது வருஷமாகப் பெரம்பூரில் உட்கார்ந்துகொண்டு, பேசுகிறவர்களுக்குப் படிக்கவும் தெரியும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நான் மற்றவர்களைச் சொல்வதுண்டு. அன்றைக்குக் கழுதை யார் என்று சொல்லத் தேவையில்லை.

சுசீலாவிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்தேன். முகத்துக்குப் பக்கத்தில், பிறகு தூரத்தில், பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். "பனி மூட்டத்துல எறும்பு ஊர்ற மாரி கீதுடி" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அப்போது பிரசன்னா எழுந்தாள். முப்பத்துமூன்று வயது, வார்டு சச்சிவாலயத்தில் வேலை. பென்ஷன், ரேஷன், சர்டிபிகேட் எல்லாம் பார்க்கும் ஆபீஸ் அது. "நான் படிக்கறேன். தெலுகுல எழுதிக்கினு வந்து தமிழ்லயே படிச்சுடறேன்" என்றாள்.

கோர்ட்டில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த ராஜமாணிக்கம் சார், வயது எழுபத்துநாலு, கமிட்டி மெம்பர், உடனே தலையை ஆட்டினார். "அது முறையில்லம்மா. தமிழ் எழுத்தப் பாத்துப் படிச்சாதான் தமிழ் ஆராதனை. தெலுங்கப் பாத்துப் படிக்கறதுக்கு ஒம்பதரைக்கே வந்துடலாமே."

சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும், "சார் சொல்றது சரிதான்" என்றேன். காகிதம் வீணான எரிச்சலும் அதில் இருந்தது. பிரசன்னாவின் முகம் சுருங்கிவிட்டது. நோட்டைப் பைக்குள் வைத்தாள்.

சுசீலா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். "சார், உங்களுக்குத் தமிழ் எழுத்துத் தெரியும் இல்ல? நாளைக்கு நீங்க படிங்களேன்."

ராஜமாணிக்கம் சாருக்கு மூச்சுத் திணறல். ஒரு வசனத்துக்கு மேல் போக முடியாது. எல்லோருக்கும் அது தெரியும்.

என் பக்கம் திரும்பினாள். "கிரேசு, நீ படிக்கிறியா? படி. வர்ற வாரம்? அதுக்கும் அடுத்த வாரம்? பெரம்பூர்லருந்து வருவியா?"

நான் மீதிக் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"அப்ப அவ படிக்கட்டும். கேக்கறவங்களுக்குக் காதுதான வேணும்? நீ உக்காந்து அவளுக்குச் சொல்லு, அவ எழுதுவா."

அப்படித்தான் ஐந்தே முக்காலிலிருந்து ஏழு வரை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நான் பாடத்தை வாசித்தேன், பிரசன்னா எழுதினாள். எழுதக் காகிதம்? என் நாற்பது செட்டின் வெள்ளைப் பின்பக்கம். முதல் பத்து நிமிஷம் பாடத்தைத் தவிர வேறு பேச்சு இல்லை. பிறகு, "ஆன்ட்டி, ஒரே எழுத்துல விரல வெச்சு ஒரு தடவ 'ka'ன்றீங்க, ஒரு தடவ 'ga'ன்றீங்க, இன்னா அது?" என்று கேட்டாள். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து, இடம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றேன். "அப்ப உங்க எழுத்துல பாதிதான் கீது. மீதி உங்க தலைக்குள்ள கீது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவளோடு வேலை செய்வது சுலபமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல ஆன்ட்டி, சச்சிவாலயத்துல டெய்லி இதவிட திட்டு துன்றேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கே போய் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தேன். அது எங்கள் வீட்டு பெஞ்ச். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் எனக்காகக் காலியாக விட்டிருந்தார்கள். முப்பத்தொரு பேர். ராஜமாணிக்கம் சார் முன்னால், முறைப்பாக. பாஸ்டர் ஒரு ஓரமாகக் கைகட்டி நின்றார்.

பிரசன்னா மேடை ஏறினாள். முதல் வசனத்தைச் சச்சிவாலயத்தில் பேர் கூப்பிடுவது போல வேகமாக ஓட்டிவிட்டாள். சுசீலா தன் இடத்திலிருந்து மெல்ல இருமினாள். பிரசன்னா நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். பழைய வேதத் தமிழ், நாக்கில் உருளும் வடமொழிச் சொற்கள், ஒன்றிலும் தடுக்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டேன். என்ன எழுத்தைப் பார்த்துப் படிக்கிறாள் என்று காதுக்குத் தெரியவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் அதே இடத்தில் நின்று நைனா படித்ததும் இதே தமிழ்தான். அழுதேன். மறைக்கவும் இல்லை.

பிறகு பாட்டு. ஏழு சரணம். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது இரண்டு. மூன்றாவதுக்குக் காகிதத்தைத் தேடினேன். பின்பக்கம் எழுத எடுத்ததில் என் செட்டுகள் எல்லாம் கலைந்து, பெஞ்ச் பெஞ்சாகச் சிதறிக் கிடந்தன. பாட்டின் பக்கம் எங்கே போனதோ. பக்கத்தில் இருந்தவள் தன் நோட்டை என் பக்கம் நீட்டினாள். சின்ன வயதில் கடைப் பலகை படிக்கும் அளவுக்குத் தெலுங்கு தெரியும், இப்போது அதுவும் போய்விட்டது. முப்பத்தொரு பேரில் நோட்டையும் படிக்க வராமல், மனப்பாடமும் இல்லாமல் நின்றது நான் ஒருத்திதான். மற்றவர்கள் வாயைப் பார்த்துப் பார்த்து அரை மாத்திரை பிந்தி ஏழு சரணத்தையும் பாடி முடித்தேன்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் கமிட்டி கூடியது. பாஸ்டர் தெலுங்கில் பேசினார், நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. பாடம் படிப்பது கமிட்டி நியமித்தவர் செய்ய வேண்டிய வேலை, பிரசன்னா கமிட்டியில் இல்லை, எழுத்தைப் பற்றியும் சாருக்கு ஆட்சேபம் இருக்கிறது. ஆனால் சுசீலாம்மாவின் கண் சரியாகும் வரை அவருக்குப் பதிலாக இந்தப் பெண் படிக்கட்டும், ஏழு மணி ஆராதனை அதுவரை நடக்கட்டும், கண் சரியானதும் சுசீலாம்மாவே படிப்பார். ராஜமாணிக்கம் சார், "தற்காலிகம்னா சரி" என்று கோர்ட்டுத் தமிழில் ஒப்புக்கொண்டார்.

பகல் சாப்பாடு சுசீலா வீட்டில், ராகி சங்கட்டி, நாட்டுக்கோழிப் புலுசு. சங்கட்டி என்றால் நம் களிதான், புலுசு என்றால் குழம்பு. கடையில் சாப்பிடுவதாக இருந்தால் நூற்றறுபது ரூபாய் ஆகும், களியை மென்று தின்னாதீர்கள், விழுங்க வேண்டும். மூன்று மணிக்குக் காட்பாடி பஸ், அங்கிருந்து ரயில், ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போய்விடுங்கள், ஏப்ரலில் சித்தூர் வெயில் மண்டையைப் பிளக்கும். தங்குவதற்குப் பஸ் ஸ்டாண்டு பக்கம் தொள்ளாயிரத்திலிருந்து ஆயிரத்து இருநூறு வரை அறை உண்டு. பேட்டையில் பார்க்கச் 'சுற்றுலாத் தலம்' எதுவும் இல்லை, போட்டோ எடுத்துக்கொள்ள ஒரு வளைவு கூட இல்லை. சந்துக்குள் கார் கொண்டுபோகாதீர்கள். யார் வீட்டுப் படியிலாவது ஏறி நிற்க நேர்ந்தால் விசாரித்துவிட்டு இறங்குங்கள். முக்கியமாக, பழைய ஊருக்கு எதையாவது அடித்து எடுத்துக்கொண்டு போகும் முன், அங்கே இருப்பவர்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். நான் கேட்கவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன்.

இதை எழுதுவது ஏப்ரல் கடைசியில். இப்போது சனிக்கிழமை பாட்டு பிராக்டீஸ் முடிந்ததும் ஆறு மணிக்கு யார் கூப்பிட்டாலும் என் போன் பிஸி. நான் பெரம்பூரில் உட்கார்ந்து பாடம் வாசிக்கிறேன், பிரசன்னா அங்கே எழுதிக்கொள்கிறாள். முதல் தடவை ஒன்றேகால் மணி நேரம் ஆனது, இப்போது இருபது நிமிஷம்.

சுசீலாவுக்கு மார்ச்சில் ஆபரேஷன் நடந்தது. போன வாரம் கூப்பிட்டு, கண் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"காலண்டர் அடிச்ச பிரஸ் பேரு வரைக்கும் தெரியுதுடி" என்றாள். "ஆனா நான் இன்னும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கினுதான் கோயிலுக்குப் போறேன். பாஸ்டர் ஐயகாருக்கு மட்டும் சொல்லிடாத."